பதினெட்டில் பத்து: எட்டப்படாத வீட்டுத் தையல் இலக்கு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் நாற்பது வயதைக் கடந்த, முழுநேர அலுவலகப் பணியில் இருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய். ஆறு ஆண்டுகளாக வீட்டில் தைத்துவருகிறார். வகுப்புக்குச் சென்று முறைப்படி கற்றவர் அல்லர். நேர்த்தையலும் ஜிக்ஜாக்கும் போடக்கூடிய ஒரு சாதாரண இயந்திரம், சாப்பாட்டு மேசை, இஸ்திரிப் பெட்டி ஆகியவைதாம் அவருடைய பணிமனை. ஒவ்வொரு முறை தைக்க அமரும்போதும் மேசையைக் காலிசெய்து இயந்திரத்தை எடுத்து வைக்க வேண்டும். முடித்ததும் எல்லாவற்றையும் அலமாரிக்குள் திருப்பி வைக்க வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஆகும் நேரத்தை அப்போது எவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் தைப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடும் சிறு குழு ஒன்றில் அவர் உறுப்பினர். அக்குழுவை ஒருங்கிணைப்பவள் என்ற முறையில் அவருடைய தையல் குறிப்பேட்டை முழுமையாகப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவருடைய ஒப்புதலுடன், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி, இரண்டு ஆண்டுகளில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் ஆண்டுக்கு முந்தைய ஆண்டில், எந்தத் திட்டமும் இல்லாமலேயே, அவர் 11 பொருள்களைத் தைத்து முடித்திருந்தார். திட்டமிட்டால் 18 முடியும் என்பது அவருடைய கணிப்பு. ஜனவரி முதல் வாரத்தில் அவர் எழுதிய பட்டியலில் பிள்ளைகளுக்கு இரவு உடை 4, தமக்குப் பாவாடை 3, பனியன் துணியில் மேலாடை 4, கால்சட்டை 2, கணவருக்குக் காலர் வைத்த முழுக்கைச் சட்டை 3, லைனிங் கொடுத்த கோட்டு 1, ஒட்டுத்துணிப் போர்வை 1 என 18 பொருள்கள் இருந்தன. அதன் கீழே மேலும் மூன்று உறுதிகள்: இந்த ஆண்டு ஆயத்த உடை வாங்குவதில்லை, அலமாரியில் இருக்கும் துணியை மட்டுமே பயன்படுத்துவது, கால்சட்டையும் சட்டையும் உடம்புக்குச் சரியாகப் பொருந்தும்படி தைக்கக் கற்பது.

முதல் ஆண்டு நடந்த விதம்

தொடக்கம் வேகமாக இருந்தது. நான்கு இரவு உடைகளும் இரண்டு பாவாடைகளும் மார்ச் நடுப்பகுதிக்குள் முடிந்துவிட்டன. அவையெல்லாம் இடுப்பில் எலாஸ்டிக் கோக்கும் உடைகள். ஓரிரு சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் தெரியாது. எண்ணிக்கையின்படி பார்த்தால் அவர் பட்டியலுக்கு முன்னால் சென்றுகொண்டிருந்தார். குழுவிலும் அப்படித்தான் பேசிக்கொண்டோம்.

ஏப்ரலில் கால்சட்டையை எடுத்தார். வாங்கிய பேட்டர்னை (உடையின் பாகங்களை வெட்ட உதவும் தாள் அச்சை) அப்படியே நல்ல துணியில் வெட்டாமல், பழைய படுக்கை விரிப்பில் ஒரு சோதனை உடை தைத்துப் பார்த்தது மிகச் சரியான முடிவு. முதல் சோதனையில், உட்காரும்போது பின்பக்க இடுப்பு கீழே இறங்கியது. பின்பக்கக் கவட்டு வளைவின் நீளம் போதாததே காரணம். அதை நீட்டியதும் உட்காருவது சரியாயிற்று. ஆனால் நிற்கும்போது பின்தொடையின் மேற்புறத்தில் துணி மடிந்து தொங்கியது. இரண்டாம் சோதனையில் அந்த உபரித் துணியை எடுத்தார். மூன்றாம் சோதனையில் முன்பக்க இடுப்பைச் சரிசெய்தார். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்து, ஒவ்வொன்றையும் பேட்டர்னில் குறித்துக்கொண்டார். பிரிப்பதற்கு எளிதாக, வழக்கமான 2.5 மில்லிமீட்டருக்குப் பதிலாக 4 மில்லிமீட்டர் நீளத் தையல் போட்டார். கால்சட்டைப் பொருத்தத்தைக் கற்க இதைவிடக் குறுக்குவழி எனக்குத் தெரியாது. ஆனால் இந்த வேலை ஜூன் வரை நீண்டது. அதுவரை பட்டியலில் புதிதாக எதுவும் அடிக்கப்படவில்லை.

ஜூன் மாதத்தில் பட்டியலுக்குப் பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றம் அவரைப் பிடித்துக்கொண்டது. தடித்த பருத்தித் துணியைத் துவைத்து உலர்த்தாமலேயே கால்சட்டையை வெட்டித் தைத்து முடித்தார். பருத்தித் துணி முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று, ஐந்து என்ற அளவில் சுருங்குவது இயல்பு. ஒரு மீட்டர் நீளமுள்ள கால்சட்டைக்கு அது 3 சென்டிமீட்டருக்குக் குறையாது. மூன்று சோதனைகளில் அடைந்த பொருத்தம் முதல் துவைப்பிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. கீழ் ஓரத்தைப் பிரித்து, உட்பக்கம் பட்டி கொடுத்து நீட்டி, அணியும் நிலைக்குக் கொண்டுவந்தார்.

ஜூலையில் பனியன் துணி. தையல் விட்டுவிட்டு விழுந்தது. இயந்திரம் பழுது என்று எண்ணிச் சரிபார்க்கக் கொடுத்தார். எந்தக் குறையும் இல்லை என்று அது திரும்பி வந்தது. குழுவில் ஒருவர் ஊசியைக் கேட்டார். நெய்த துணிக்கான பொது ஊசியே மாட்டப்பட்டிருந்தது. இழுபடும் இழையான எலாஸ்தேன் கலந்த பனியன் துணிக்கு ஸ்ட்ரெட்ச் ஊசி வேண்டும். அதன் உருண்டை முனை கண்ணிகளைக் குத்திக் கிழிக்காமல் விலக்கிக்கொண்டு இறங்கும்; ஊசிக்கண்ணும் அதன் பின்புறப் பள்ளமும் அமைந்த விதத்தால் தையல் விடுபடுவதும் குறையும். 75/11 அளவில் அந்த ஊசியையும், இழுபட்டால் அறுந்துவிடாத குறுகிய ஜிக்ஜாக் தையலையும் வைத்ததும் சிக்கல் தீர்ந்தது. ஆகஸ்டுக்குள் இரண்டு மேலாடைகள் முடிந்தன.

செப்டம்பர் முழுவதும் பழுது வேலை: பிள்ளைகளின் உடைகளில் ஓரம் இறக்குவது, ஜிப் மாற்றுவது, திரைச்சீலைகளைக் குட்டையாக்குவது. வீட்டுக்கு மிகவும் தேவைப்பட்ட வேலைகள் இவையே. ஆனால் பட்டியலில் இவற்றுக்கு இடம் இல்லாததால், அவர் குறிப்பேட்டில் அந்த மாதத்துக்கு எதிரே “ஒன்றும் தைக்கவில்லை” என்று எழுதியிருந்தார்.

அக்டோபரில் ஒரே வார இறுதியில் சட்டை ஒன்று, கோட்டு, பாவாடை, பனியன் மேலாடை ஒன்று என நான்கையும் சேர்த்து வெட்டினார். வெட்டிவிட்டால் தைப்பது தானே நடக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. பாவாடை மட்டும் முடிந்தது. மற்றவை, குறிப்புச் சீட்டு எதுவும் இல்லாமல், ஒரே பையில் கலந்து கிடந்தன. டிசம்பர் முடிவில் இரவு உடை 4, பாவாடை 3, பனியன் மேலாடை 2, கால்சட்டை 1 என 18-இல் 10 முடிந்திருந்தது. ஆயத்த உடை வாங்குவதில்லை என்ற உறுதி மே மாதத்திலேயே தளர்ந்துவிட்டது. துணிக் கணக்கில், ஏறத்தாழ 19 மீட்டர் தைத்திருந்தார். 27 மீட்டர் புதிதாக வாங்கியிருந்தார்.

குறிப்பேட்டில் கண்டவை

“நான் சோம்பேறியாகிவிட்டேன்” என்றுதான் டிசம்பர் கூட்டத்தில் அவர் சொன்னார். அந்த விளக்கத்தை ஏற்க எனக்கு மனமில்லை. அவர் தைக்க அமர்ந்த நாள்களையும் தோராயமான மணிநேரங்களையும் குறித்து வைத்திருந்ததால், இருவரும் அமர்ந்து அவற்றைக் கூட்டிப் பார்த்தோம்.

ஆண்டு முழுவதும் அவர் செலவிட்டது ஏறத்தாழ 150 மணிநேரம். சராசரியாக வாரத்துக்கு மூன்று மணி. பின்னர் பட்டியல் கேட்ட நேரத்தைக் கணக்கிட்டோம். பாவாடைக்கு 4 மணி, இரவு உடைக்கு 5 மணி, பனியன் மேலாடைக்கு 6 மணி என்பது அவருடைய குறிப்பிலிருந்தே கிடைத்தது. முதல் கால்சட்டைக்குச் சோதனை உடைகளையும் சேர்த்து 40 மணி ஆகியிருந்தது. பொருத்தம் அமைந்த பேட்டர்ன் கையில் இருப்பதால் இரண்டாவதற்கு 10 போதும். சட்டை, கோட்டு, போர்வை ஆகியவற்றுக்குக் குழுவில் அவற்றைத் தைத்தவர்களின் குறிப்புகளைக் கேட்டு, சட்டைகள் மூன்றுக்கும் 49, கோட்டுக்கு 50, போர்வைக்கு 60 என வைத்தோம். மொத்தம் 265 மணிநேரம் வந்தது. பழுது வேலைக்கோ தவறைப் பிரித்துத் தைப்பதற்கோ அதில் ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை.

ஆகவே அவர் தம்மிடம் இருந்த நேரம் முழுவதையும் தைத்தே செலவிட்டிருக்கிறார். 150 மணி நேரத்துக்குள் 265 மணி நேர வேலையை அடைக்க முயன்ற பட்டியல்தான், எழுதப்பட்ட நாளிலேயே, எட்ட முடியாததாக இருந்தது. என் பார்வையில் இந்த நிகழ்வின் மையம் இதுதான். இந்தக் கூட்டலை அவர் ஜனவரியிலேயே செய்திருந்தால், ஓராண்டுக் காலம் தம்மைத் தாமே கடிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

கணிப்பு ஏன் தவறியது என்பதும் குறிப்பேட்டிலேயே தெரிந்தது. முந்தைய ஆண்டின் 11 பொருள்களில் குஷன் உறை 4, எலாஸ்டிக் பாவாடை 3, கைப்பை 2, இரவு உடை 2 இருந்தன. புதிய பட்டியலின் 18-இல் கால்சட்டையும் காலர் சட்டையும் கோட்டும் இருந்தன. குஷன் உறையையும் கோட்டையும் ஒரே “ஒன்று” என்று எண்ணும் கணக்கில், 11-லிருந்து 18-க்குச் செல்வது சிறு முயற்சிபோலத் தோன்றியிருக்கிறது. வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைத்து மதிப்பிடும் இந்தப் போக்கை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே விளக்கியிருக்கிறார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், பட்ட ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள்கள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55.5 நாள்கள் ஆயின. எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன 48.6 நாள்களும் போதவில்லை. நம் பட்டியலிலும் கேட்ட நேரத்துக்கும் இருந்த நேரத்துக்கும் அதைவிடப் பெரிய இடைவெளி இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் நான்கு இலக்குகள் இருந்தன. அவை ஒன்றோடொன்று மோதின. கற்பதற்குச் சோதனை உடை வேண்டும். சோதனை உடை எண்ணிக்கையில் சேராது. அலமாரித் துணியை மட்டும் பயன்படுத்துவதென்றால் கோட்டுக்கு ஏற்ற லைனிங் கிடைக்காது. மோதல் வந்த ஒவ்வொரு முறையும், எண்ணால் சொல்லக்கூடிய ஒரே இலக்கான 18 தான் வென்றது. துணியைத் துவைக்காமல் வெட்டியதும், நான்கை ஒன்றாக வெட்டியதும் அதன் விளைவுகளே. குறிப்பான, கடினமான இலக்கு செயல்திறனை உயர்த்தும் என்பதை நிறுவிய உளவியலாளர்கள் எட்வின் லாக்கும் கேரி லேத்தமும், புதிதும் சிக்கலானதுமான வேலையில் விளைவைக் குறித்த இலக்கைவிடக் கற்றலைக் குறித்த இலக்கே பயன் தரும் என்பதைத் தங்கள் 2002-ஆம் ஆண்டுக் கட்டுரையில் எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பாவாடைக்கு எண் பொருந்தும், கால்சட்டைக்குப் பொருந்தவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, பழைய பட்டியலை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்வதில்லை என்பது. எட்டுப் பொருள்களைக் கடனாகச் சுமந்துகொண்டு தொடங்கினால், கூடுதலாக எதுவும் தைக்காவிட்டாலும் நேரம் போதாது. வெட்டிக் கிடந்த சட்டைத் துண்டுகளைச் சரிபார்த்து, பெயர்ச்சீட்டு ஒட்டி எடுத்து வைத்தார். கோட்டை விட்டுவிட்டார். அதன் துணியை வேறு எதற்கும் பயன்படுத்தலாம் என்று துண்டுகளைப் பொதுத் துணியோடு சேர்த்துவிட்டது அவருக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனாலும் அது தேவையான முடிவு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது, ஆண்டை மணிநேரத்தால் அளப்பது. 150 மணியில் 30-ஐப் பழுது வேலைக்கு ஒதுக்கி, அதையும் செய்த வேலையாகவே குறிப்பேட்டில் எழுதுவது; 40 மணியை எதிர்பாராதவற்றுக்காகத் தொடாமல் வைப்பது; மீதமுள்ள 80 மணிக்குள் அடங்கும்படி மட்டுமே பட்டியல் எழுதுவது. அப்படி எழுதியதில் சட்டை 2, கால்சட்டை 1, பாவாடை 2, பனியன் மேலாடை 2 என ஏழு பொருள்கள் வந்தன. அவற்றுக்கான மதிப்பீடு 67 மணி. கால்சட்டையை நான் வலியுறுத்திச் சேர்க்கச் சொன்னேன். பொருத்தம் அமைந்த பேட்டர்ன் என்பது 30 மணி நேர உழைப்பின் சேமிப்பு; அதிலிருந்து இரண்டாவது உடை தைக்காமல் விட்டால் அந்த உழைப்பின் பெரும்பகுதி வீணாகும்.

கற்றல் இலக்கு ஒன்றே ஒன்று: சட்டை. அதையும் “சட்டை தைப்பது” என்று பொதுவாக எழுதாமல், காலரையும் காலர் பட்டியையும் கழிவுத் துணியில் இருமுறை தைத்துப் பார்ப்பது, கையின் வெட்டுப்பட்டியை (மணிக்கட்டருகே கை திறக்கும் இடத்தில் தைக்கும் பட்டியை) தனியே பழகுவது, காஜா (பட்டன் துளை) போடும் முன் அதே துணி, உள்ளே விறைப்புக்காக வைக்கும் அதே கான்வாஸ், அதே அடுக்குகளில் மாதிரி போட்டுப் பார்ப்பது என்று பிரித்து எழுதினார்.

தைத்துக்கொண்டிருப்பதற்கு அப்பால் வேறெதையும் வெட்டிவைப்பதில்லை என்பது அடுத்த முடிவு. வெட்டிய துணி நாள்பட்டால் சாக்பீஸ் குறிகள் அழிகின்றன, இழைகள் பிரிகின்றன, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்பதே மறந்துபோகிறது. புதிய துணி வீட்டுக்கு வந்தவுடன் துவைத்த பிறகே அலமாரிக்குப் போக வேண்டும் என்றும், காலாண்டுக்கு ஒருமுறை பட்டியலைப் பார்த்து, தேவைப்பட்டால் குறைக்கலாம் என்றும் முடிவு செய்தார்.

இந்தக் கடைசி முடிவுக்குக் குழுவில் எதிர்ப்பு இருந்தது. குறைக்கலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்தால் எவரும் முயலவே மாட்டார்கள் என்று அனுபவம் மிக்க உறுப்பினர் ஒருவர் வாதிட்டார். தாம் பல ஆண்டுகளாக எட்டாத பட்டியல்களை எழுதியதால்தான் இவ்வளவு தைக்க முடிந்தது என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கலாம். அவர் தைப்பவை அவருக்குப் பழகியவை. வீட்டில் தனி அறையும் உண்டு. பின்தங்கியதும் படிகளைத் தாண்டத் தொடங்கும் ஒருவருக்கு அதே முறை துவைக்காத துணியைத்தான் வெட்ட வைக்கும். இந்த வேறுபாட்டை விவாதத்தில் தெளிவாக வைத்த பிறகு, முடிவை இந்த நிகழ்வுக்கு உரியவரிடமே விட்டுவிட்டோம்.

இரண்டாம் ஆண்டில் நிகழ்ந்தவை

கால்சட்டை பிப்ரவரியில் முடிந்தது. முன்பே துவைத்த துணி, திருத்திய பேட்டர்ன், மதிப்பிட்ட 10 மணியில் ஒன்றுகூடக் கூடவில்லை. தாம் தைத்ததிலேயே அதிகம் அணியும் உடை அதுதான் என்று பின்னர் சொன்னார்.

முதல் சட்டை ஜூன் வரை சென்றது. 25 மணி என்று எண்ணியது ஏறக்குறைய 35 ஆயிற்று. கூடுதல் நேரத்தில் பெரும்பகுதி காலர் பட்டிக்குப் போனது. சட்டையின் கழுத்து வளைவும் பட்டியின் கீழ் விளிம்பும் எதிரெதிர்த் திசையில் வளைவதால், கழுத்து விளிம்பில் சிறு வெட்டுகள் கொடுக்காமல் பொருத்தினால் சுருக்கம் விழும். இதைக் கழிவுத் துணியில் கற்றுக்கொண்டது நல்லதாயிற்று. தையலுக்காக விட்டிருந்த 1.5 சென்டிமீட்டர் அந்த வளைவுக்கு அதிகம் என்று கண்டு, அங்கே மட்டும் 6 மில்லிமீட்டராகக் குறைத்தார். முந்தைய ஆண்டாக இருந்திருந்தால் இந்த 10 மணி நேரத் தாமதம் அவரை அவசரப்படுத்தியிருக்கும். இப்போது அது ஒதுக்கி வைத்த 40 மணியிலிருந்து கழிந்தது.

ஆகஸ்டில் குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலம் குன்றியது. சில வாரங்கள் இயந்திரத்தை எடுக்கவே இல்லை. செப்டம்பரில் நடந்த காலாண்டுப் பார்வையில் ஒரு பாவாடையைப் பட்டியலிலிருந்து நீக்கினார். பனியன் மேலாடைகள் இரண்டும் அக்டோபரில் முடிந்தன. இரண்டாம் சட்டை டிசம்பர் முடிவில் காஜாவும் பட்டனும் மட்டும் மீதியாக நின்றது. எனவே, தொடக்கத்தில் எழுதிய ஏழில் ஐந்தே முடிந்தன. இந்த ஆண்டும் இலக்கு எட்டப்படவில்லை. துணிக் கணக்கில் ஏறத்தாழ 12 மீட்டரைப் பயன்படுத்தி 9 மீட்டர் வாங்கியிருந்தார். பழுது வேலைக்கு ஒதுக்கிய 30 மணியும் தீர்ந்திருந்தது. இம்முறை அது முழுவதும் குறிப்பேட்டில் இருந்தது.

எண்ணிக்கை பத்திலிருந்து ஐந்தாகக் குறைந்ததை வெளியிலிருந்து பார்ப்பவர் பின்னடைவு என்று சொல்லக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. ஐந்தும் அணியப்படுகின்றன. அவரால் இன்று, உதவியின்றி, ஒரு காலரை நேராக அமைக்க முடிகிறது. முதல் ஆண்டின் பத்தில் இரண்டு பாவாடைகள் மடித்த மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. பட்டியலை அடிப்பதற்காகவே அவற்றைத் தைத்ததாக அவரே ஒப்புக்கொண்டார்.

மாற்ற வேண்டியவை

தைத்துக்கொண்டிருப்பதை மட்டுமே வெட்டுவது என்ற விதி நெய்த துணிக்குச் சரி. பனியன் துணிக்குச் சரியாக அமையவில்லை. ஊசி மாற்றி, நூல் மாற்றி, கழிவுத் துண்டில் தையல் சரிபார்ப்பதற்கே நேரம் ஆவதால், ஒரே ஊசியும் ஒரே நிற நூலும் தேவைப்படும் இரண்டு மேலாடைகளைச் சேர்த்து வெட்டித் தைப்பதே நல்லது. அக்டோபரில் அவர் விதியை மீறி அப்படித்தான் செய்தார். இரண்டும் விரைவாக முடிந்தன. விதியை அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

காஜாவைச் சட்டையின் கடைசிப் படியாக விடாமல், தனி அமர்வாகத் திட்டமிட வேண்டும். ஒரு சட்டைக்குப் பத்துக்கும் மேற்பட்ட காஜாக்கள். ஒன்று கோணினாலும் முன்பட்டி முழுவதும் கண்ணில் உறுத்தும். களைத்த இரவில் அதைத் தொடக் கூடாது என்று அவர் தயங்கியது நியாயமே. ஆனால் பகல் வெளிச்சத்தில் அதற்கென ஒரு நேரத்தை அவர் ஒதுக்கவும் இல்லை.

முதல் பார்வையை மார்ச்சிலேயே, எண்ணிக்கை நன்றாக இருந்தாலும், நடத்த வேண்டும். முதல் ஆண்டின் மார்ச்சில் ஆறு உடைகள் முடிந்திருந்தபோதே, முடிந்தவை அனைத்தும் எளியவை என்பதும் கடினமானவை ஒன்றுகூடத் தொடங்கப்படவில்லை என்பதும் குறிப்பேட்டில் இருந்தன.

எல்லாவற்றையும்விட நேரம் மிச்சப்படுத்தக்கூடியது மேசை. எடுத்து வைத்து, திருப்பி வைக்க ஒவ்வோர் அமர்வுக்கும் ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆவதை இரண்டாம் ஆண்டில்தான் அளந்தார். ஒன்றரை மணி நேர அமர்வில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். படுக்கையறை மூலையில் இயந்திரம் நிரந்தரமாக நிற்கும் அளவுக்கு ஒரு சிறு மேசைக்கு இடம் இருக்கிறது. மூன்றாம் ஆண்டின் பட்டியலை எழுதும் முன் அதை அமைத்துவிட வேண்டும் என்பது என் பரிந்துரை, அவரும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

ஒட்டுத்துணிப் போர்வை மட்டும் இன்னும் எங்கள் இருவருக்கும் இடையே பேச்சாகவே இருக்கிறது. அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம், கழிவுத் துண்டுகளைச் சதுரமாக வெட்டிச் சேர்த்து வைத்தால் போதும் என்கிறேன். ஓராண்டை முழுவதும் அதற்கே கொடுத்து, உடைகள் எதையும் திட்டமிடாமல் இருக்கலாம் என்கிறார் அவர். 60 மணி என்ற மதிப்பீடு பிறருடைய குறிப்பிலிருந்து வந்தது. அதனால் முதலில் ஒரே ஒரு கட்டத்தைத் தைத்து, அதற்கு ஆகும் நேரத்தை அளந்துவிட்டு, மார்ச் மாதப் பார்வையில் முடிவு செய்வதாக ஒத்துக்கொண்டிருக்கிறோம்.